பணவீக்கம் இறங்கியும் கடைக் கொப்பியில் கடன் இறங்காதது ஏன்? மலையகக் குடும்பங்களின் உண்மையான வாழ்க்கைச் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் முடியும் தறுவாயில் பணவீக்க வீதம் செய்தியில் சொல்லப்படுகிறது. சம்பளம் கைக்கு வந்ததும் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ மாதச் சாமான் வாங்கப் போகிறவர்கள், அந்த எண்ணும் தங்கள் கணக்கும் ஒட்டவில்லையே என்று கேட்கிறார்கள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்து, வீட்டுக் கணக்கெழுதும் பழக்கத்தைத் தாயாரிடமிருந்து பெற்றவன் என்பதால் இக்கேள்விகள் என்னிடமும் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தருகிறேன்.

செய்தியில் சொல்லப்படும் பணவீக்கம் யாருடைய செலவை அளக்கிறது?

விலைச் சுட்டெண் என்பது ஒரே கூடைச் சாமான்களின் விலை காலப்போக்கில் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் அத்தகைய இரண்டு சுட்டெண்களைத் தயாரிக்கிறது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், கொழும்பு மாவட்டத்தின் நகர்ப்புறக் குடும்பங்கள் எவற்றுக்கு எவ்வளவு செலவிடுகின்றன என்பதை அடிப்படையாகக் கொண்டது. 2015 முதல் வெளியிடப்பட்டு வரும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் நாடு முழுவதையும் கருத்தில் கொள்கிறது. இரண்டுக்கும் இப்போது 2021ஆம் ஆண்டே அடிப்படை ஆண்டு, அதாவது அந்த ஆண்டின் விலைகளை 100 என்று வைத்தே மற்றவை ஒப்பிடப்படுகின்றன. எந்தப் பொருளுக்கு எவ்வளவு நிறை, அதாவது மொத்தச் செலவில் எவ்வளவு பங்கு என்பது 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவின ஆய்விலிருந்து பெறப்பட்டது.

கொழும்புச் சுட்டெண் அந்தந்த மாத இறுதியிலேயே வந்துவிடுகிறது. தேசியச் சுட்டெண் ஏறக்குறைய மூன்று வாரங்கள் பிந்தி வருகிறது. எனவே தலைப்புச் செய்தியாவது பெரும்பாலும் கொழும்பு எண்தான். 2023இல் அரசாங்கமும் மத்திய வங்கியும் உடன்பட்ட 5 வீதப் பணவீக்க இலக்கும் கொழும்புச் சுட்டெண்ணைக் கொண்டே அளக்கப்படுகிறது. அந்தச் சுட்டெண்ணில் நூறு ரூபாச் செலவில் ஏறக்குறைய 26 ரூபா உணவுக்குரியது. தேசியச் சுட்டெண்ணில் அது ஏறக்குறைய 39 ரூபா. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றக் கேள்விகள் பலவற்றுக்கு வழி திறக்கும்.

பணவீக்கம் குறைந்துவிட்டது என்றால் விலை குறைய வேண்டுமல்லவா?

இல்லை. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தாலும் ஏறிய உயரம் அப்படியே இருக்கும். நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் பஸ் வண்டி ஓரிடத்தில் மெதுவாகப் போகிறது என்பதற்காக அது கீழே இறங்கிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கொழும்புச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஓராண்டுப் பணவீக்கம் 69.8 வீதம். அடுத்த செப்டெம்பரில் அது 1.3 வீதமாக இறங்கியது. அதற்கடுத்த செப்டெம்பரில் 0.5 வீதம் பூச்சியத்துக்குக் கீழே போயிற்று. செய்தியாகக் கேட்கும்போது நோய் முற்றாகக் குணமாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு 2022இல் ஏறக்குறைய 170 ரூபா தேவைப்பட்டது, 2023இல் 172, 2024இல் 171. இடையில் அடிப்படை ஆண்டு மாற்றப்பட்டதால் இவை தோராயமான எண்கள்தான், ஆயினும் விடயம் தெளிவு: ஏறிய எழுபது ரூபாவில் ஏறக்குறைய ஒன்று மட்டுமே திரும்பி வந்தது.

இதே காலத்துச் சம்பளத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. விலைகள் 71 வீதம் ஏறிய இடத்தில் சம்பளம் 35 வீதம் ஏறியது. புதிய 1,350 ரூபா, 2021 செப்டெம்பர் விலைகளில் ஏறக்குறைய 790 ரூபாவுக்குச் சமம். அதாவது சம்பள உயர்வு கிடைத்த பிறகும் அதைக் கொண்டு வாங்கக்கூடியது ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தது. நாட்சம்பளமாக 1,700 ரூபா கேட்டுப் போராடியவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அரசாங்கத்தின் சொந்தச் சுட்டெண்ணைக் கொண்டே பெருக்கிப் பார்த்தால் பழைய ஆயிரத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்கே 1,710 ரூபா தேவைப்பட்டது. அதற்கு மேல் ஒரு சதமும் அவர்கள் கேட்கவில்லை.

அப்படியானால் அரசாங்கத்தின் எண் பொய்யா?

பொய் என்று நான் நினைக்கவில்லை; அப்படிச் சொல்வது நமக்கே தீங்கானது. எண்களைத் திருத்தி வெளியிட்ட நாடுகள் உண்டு. ஆர்ஜென்டினாவில் 2007 முதல் புள்ளிவிபர நிறுவனத்தில் அரசியல் தலையீடு நடந்து, 2013இல் சர்வதேச நாணய நிதியம் அந்நாட்டை முறைப்படி கண்டித்தது. இலங்கையில் 2022ஆம் ஆண்டு மிக மோசமான மாதங்களிலும் அதிகாரபூர்வ எண்கள் நெருக்கடியை மறைக்கவில்லை: செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று அவையே சொல்லின.

நம் முறைப்பாடு வேறு. சுட்டெண் தனக்கிட்ட வேலையைச் செய்கிறது. அந்த வேலை நாட்டின் பணக்கொள்கைக்கு ஒரு பொது எண்ணைத் தருவது. ஒரு குறிப்பிட்ட லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டில், ஒரு குறிப்பிட்ட குடும்பம் மாதத்தைக் கடத்துவதற்கு எவ்வளவு தேவை என்று கேட்பது இன்னொரு கேள்வி. முதலாவது கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்குப் பதிலாகச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் வைப்பதுதான் பிழை.

எங்கள் வீட்டுப் பணவீக்கம் நாட்டுப் பணவீக்கத்திலிருந்து எப்படி வேறுபட முடியும்? கடை ஒன்றுதானே?

கடை ஒன்றாக இருந்தாலும் கூடை வேறு. சுட்டெண்ணின் சராசரி, குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் எடுக்கப்படுவதில்லை. செலவிடும் ஒவ்வொரு ரூபாவுக்கும் ஒரு வாக்கு என்ற முறையில் எடுக்கப்படுகிறது. எனவே அதிகம் செலவிடும் குடும்பத்தின் பழக்கவழக்கமே சராசரியைத் தன் பக்கம் இழுக்கிறது. 2019 ஆய்வின்படி நகர்ப்புறக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 116,670 ரூபா. தோட்டத்துறைக் குடும்பத்தினுடையது 46,865 ரூபா. 2012 குடிசன மதிப்பில் தோட்டத்துறை மக்கள் நாட்டுச் சனத்தொகையில் 4.4 வீதம் மட்டுமே. ஆளும் குறைவு, ரூபாவும் குறைவு என்னும்போது தேசியச் சுட்டெண்ணிலேயேகூட நம் கூடையின் குரல் மிக மெலிதாகத்தான் கேட்கும்.

வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்பது 1857இலேயே எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளிவிபரவியலாளர் எடுத்துக்காட்டிய விதி. தோட்டத்துறையில் அப்பங்கு ஏறக்குறைய பாதி. வேலைநாட்கள் குறைந்த வீடுகளில் அதற்கும் மேல். 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்ணில் உணவு 94.9 வீதமும் உணவல்லாதவை 57.6 வீதமும் ஏறியிருந்தன. செலவில் பாதி உணவாகவுள்ள குடும்பத்துக்கு அவ்விரண்டின் சராசரி ஏறக்குறைய 76 வீதம். நூற்றில் 65 ரூபாவை உணவுக்குக் கொடுக்கும் குடும்பத்துக்கு ஏறக்குறைய 82 வீதம். செய்தியில் சொல்லப்பட்டது 69.8. விலைகளில் ஒரு சதத்தையும் மாற்றாமல், நிறையை மட்டும் மாற்றியதால் வந்த வித்தியாசம் இது.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உணவு விலை மற்றவற்றைவிட வேகமாக இறங்கும் மாதங்களில் நம் வீட்டுப் பணவீக்கம் நாட்டினுடையதைவிடக் குறைவாக இருக்கும். எரிவாயு சிலிண்டரின் விலை 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்து 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானபோது, விறகில் சமைக்கும் வீட்டை அது நேரடியாகத் தொடவில்லை. அளப்பது என்று வந்துவிட்டால் நமக்குச் சாதகமான மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மின்கட்டணம் ‘சராசரியாக’ 75 வீதம் ஏறியது என்றார்கள். எங்கள் பட்டியல் பல மடங்கானது எப்படி?

சராசரி என்ற சொல் எவ்வளவு மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம்: இரண்டு மின்குமிழ், ஒரு தொலைக்காட்சி, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றம். 2022 ஓகஸ்ட்டுக்கு முன் அலகுக்கு 2.50 ரூபாவும் நிலையான கட்டணம் 30 ரூபாவும் இருந்தன; மொத்தம் 105 ரூபா. அந்த ஓகஸ்ட்டில் அலகு 8 ரூபா, நிலையான கட்டணம் 120 ரூபா, மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா, மொத்தம் 1,300.

அறிவிக்கப்பட்ட சராசரி உயர்வுகள் முதலில் 75 வீதம், பின்னர் 66 வீதம்; இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் 30 அலகு வீட்டுக்கோ பன்னிரண்டு மடங்குக்கு மேல். மிகக் குறைவாகப் பாவித்தவர்களுக்கு நீண்டகாலம் கொடுக்கப்பட்டிருந்த சலுகை அகற்றப்பட்டதே காரணம். 2023 ஜூலையில் இந்தப் படியின் கட்டணம் பெருமளவு குறைக்கப்பட்டது, 2024இல் இன்னும் குறைந்தது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் பட்டியல் கட்ட முடியாமல் மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டுக்கு, மீள இணைப்பதற்கும் பணம் தேவைப்பட்டது. மண்ணெண்ணெய்க்குத் திரும்பலாம் என்றால் அதன் விலையும் 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியிருந்தது. இரண்டு கதவும் ஒரே காலத்தில் மூடிக்கொண்டன. பிள்ளை இரவில் எந்த வெளிச்சத்தில் படித்தது என்று எந்தச் சுட்டெண்ணும் கேட்பதில்லை.

2024 இறுதியில் விலைகள் குறைந்ததாகச் சொன்னபோது தேங்காய் விலை மட்டும் ஏன் ஏறியது?

2024 செப்டெம்பரிலிருந்து 2025 ஜூலை வரை கொழும்புச் சுட்டெண் ஆண்டுக்காண்டு குறைந்தே இருந்தது. 2025 பெப்ரவரியில் அந்த வீழ்ச்சி 4.2 வீதம். அதைக் கீழே இழுத்ததில் பெரும்பங்கு மின்கட்டணக் குறைப்புகளுக்கும் எரிபொருளுக்கும் உரியது. அதே மாதங்களில் தேங்காய் ஒன்று 150 ரூபாவைத் தாண்டிற்று, அரிசித் தட்டுப்பாடும் வந்தது. சம்பல் இல்லாமல் ரொட்டி சாப்பிடுவதா, சம்பலுக்காகத் தேங்காயைப் பாதியாக வாங்குவதா என்று யோசிக்கும் வீட்டுக்கு, குளிரூட்டி வைத்திருக்கும் வீட்டின் மின்பட்டியல் இறங்கியதால் கிடைத்தது எதுவுமில்லை. ஒரே எண்ணுக்குள் இரண்டு வீடுகள் எதிரெதிர்த் திசைகளில் போய்க்கொண்டிருந்தன.

இலவசமாகக் கிடைத்தவை நின்றுபோனால் அது பணவீக்கத்தில் சேருமா?

பெரும்பாலும் சேராது. விலைச் சுட்டெண் விலை கொடுத்து வாங்கப்படுகிறவற்றையே பின்தொடர்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைத்த நீரிழிவு மாத்திரை 2022இல் தட்டுப்பாடானபோது, வெளியே பாமசியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுக்கப்பட்ட நோயாளிகள் ஏராளம். பாமசி விலை ஏறிய அளவை மட்டுமே சுட்டெண் பதிவு செய்யும். வீட்டைப் பொறுத்தவரை அந்தச் செலவு பூச்சியத்திலிருந்து தொடங்கி ஏறியது. பூச்சியத்திலிருந்து ஏறுவதற்கு வீதமே கிடையாது.

மலையகத்தில் இப்படிப்பட்டவை பல. லயக் காம்பராவுக்கு வாடகை இல்லை; கூரைத் தகரம் ஒழுகத் தொடங்கியதும் அதை மாற்றும் செலவு பெரும்பாலும் குடியிருப்பவர் தலையிலேயே விழுகிறது. விறகு காசுக்கு வாங்கப்படுவதில்லை. ஆனால் மலையில் வேலை முடிந்து வந்த பெண் மீண்டும் விறகுக்குப் போகும் இரண்டு மணி நேரம் அதற்கான விலை. பீலித் தண்ணீர் வற்றும் மாதங்களில் குடம் சுமப்பதும் அவ்வாறே. வீட்டுக்கு முன்னால் உள்ள சிறு தோட்டத்தில் போஞ்சியும் லீக்ஸும் வருகிற வரையில் அது மறைவான வருமானம். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட பிறகு அந்த மறைவான வருமானமும் சுருங்கியது. இவற்றைக் காசாக மாற்றுவது சிரமம்தான். மாற்ற முடியாவிட்டாலும் நேரத்தையாவது குறித்துவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் செலவைக் குறைத்து மிச்சம் பிடித்ததாக வீட்டுக்காரர் நினைக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பெண்ணின் உறக்கம்தான் குறைந்திருக்கிறது.

ஒரே பொருளுக்கு வசதி குறைந்தவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை, அதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. கையில் முந்நூறு ரூபா இருப்பவர் நூறு கிராம் பருப்பும், சிறு பக்கெட் சவர்க்காரத் தூளும், ஒற்றைப் பக்கெட் ஷாம்பூவும் வாங்குகிறார். ஒரு கிலோவாக வாங்கினால் விழும் விலையைவிட அவை கூட்டிக் கணக்குப் பார்த்தால் அதிகம். டவுனுக்குப் போனால் மலிவு. போவதற்குப் பஸ் காசு, மாச்சாக்கோடு திரும்பி ஏறுவதற்கு ஆட்டோ ஹயர். தோட்டத்துக் கடையில் கொப்பியில் எழுதி வாங்கலாம். அங்கே கடனுக்கான விலை வட்டி என்ற பெயரில் இல்லாமல் சாமான் விலையிலேயே கலந்திருக்கும். சம்பள நாளில் கொப்பியைத் தீர்த்துவிட்டு, மறுநாளே புதிய பக்கம் தொடங்க வேண்டியிருப்பதால் கடையை மாற்றும் சுதந்திரமும் போய்விடுகிறது. இதோடு நுண்கடன் தவணையும், அடகு வைத்த நகையின் வட்டியும் சேரும். கடனுக்குக் கட்டும் வட்டி விலைச் சுட்டெண்ணின் கூடைக்குள் வருவதில்லை. பல வீடுகளில் அரிசிக்கு அடுத்த பெரிய செலவு அதுதான்.

சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டால் வாழ்க்கைச் செலவு குறைந்ததாகக் கொள்ளலாமா?

கூடாது. செலவிட்ட தொகை வேறு, வாழ்க்கைச் செலவு வேறு. 2021 ஒக்டோபரில் 400 கிராம் பால்மா பக்கெட் 380 ரூபாவிலிருந்து 480 ரூபாவாகி, பின்னர் இன்னும் ஏறியபோது, எத்தனையோ வீடுகளில் பால்தேநீர் நின்று பிளேன்டீ வந்தது. பால்மாவுக்குக் கொடுத்த காசு பூச்சியமானது. கொப்பியைப் பார்க்கிறவர் செலவு குறைந்ததென்பார். ஒரு பொருள் ஏறினால் மக்கள் இன்னொன்றுக்கு மாறிக்கொள்வார்கள், ஆகவே நிலையான கூடை செலவை மிகைப்படுத்துகிறது என்று பொருளியலாளர்கள் வாதிடுவதுண்டு; அமெரிக்காவில் 1996இல் வெளியான பொஸ்கின் குழுவின் அறிக்கை இவ்வாதத்தால் புகழ்பெற்றது. இரண்டு ரக அப்பிளுக்கு இடையில் மாறுகிறவருக்கு அது பொருந்தும். முட்டையை விட்டு வெறும் சோற்றுக்கு மாறுகிறவர் மாற்றுப் பொருளைத் தேர்ந்தெடுக்கவில்லை, இழந்திருக்கிறார். உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் 2022இல் நடத்திய மதிப்பீடு நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாகக் கண்டது. தோட்டத்துறையின் நிலையே மிக மோசமாக இருந்தது. எனவே கணக்கெழுதும்போது, வாங்கியவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் விட்டுவிட்டவற்றையும் எழுத வேண்டும்.

தோட்ட மக்களுக்கென்று தனிச் சுட்டெண் எப்போதாவது இருந்ததா?

இருந்தது. இதைச் சொல்லும்போது பலர் வியக்கிறார்கள். 1939 ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தை அடிப்படையாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஒன்று தயாரிக்கப்பட்டது. கொழும்புத் தொழிலாளர் வர்க்கத்துக்கு இன்னொன்று தனியாக இருந்தது. 1941இன் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த சம்பள முறையில், வாழ்க்கைச் செலவு ஏறினால் விசேட அலவன்ஸும் ஏறும் ஏற்பாடு இருந்தது. பின்னர் 1952ஐ அடிப்படையாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணே முதன்மை பெற்று, அதே கூடையோடு 2007 வரை நீடித்தது. இன்று வெளியாகும் மாதச் சுட்டெண்களில் தோட்டத்துறைக்கெனத் தனி எண் இல்லை. வீட்டு வருமான செலவின ஆய்வு தோட்டத்துறையைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது; அதன் நிறைகளைக் கொண்டு, ஏற்கெனவே சேகரிக்கப்படும் விலைகளிலிருந்தே ஒரு தோட்டத்துறைச் சுட்டெண்ணைக் கணித்து வெளியிட முடியும். எண்பது ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் செய்யப்பட்ட வேலை அது.

வறுமைக் கோட்டைப் பார்த்தால் போதாதா?

வறுமைக் கோடு உயிர்வாழ்வதற்கான அடித்தளத்தைச் சொல்கிறது; 2019இல் அது ஓர் ஆளுக்கு மாதம் 6,966 ரூபா. அந்த ஆண்டில் நாட்டில் 14.3 வீதத்தினரும் தோட்டத்துறையில் 33.8 வீதத்தினரும் அதற்குக் கீழே இருந்தனர். கல்வி, சுகாதாரம், வாழும் நிலை ஆகியவற்றைச் சேர்த்து அளக்கும் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணில் தோட்டத்துறையின் எண் 51.3 வீதம். காசை மட்டும் வைத்து அளக்கும்போது மூன்றில் ஒருவர். வாழ்க்கையை வைத்து அளக்கும்போது இருவரில் ஒருவர். உதவித்தொகைகளும் விலையைப் பின்தொடர்வதில்லை: 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில் வறியவர் பிரிவுக்கான 8,500 ரூபா 2024 முடியும் வரை மாறவில்லை, 2025இல்தான் அது 10,000 ஆனது.

எங்கள் வீட்டின் வாழ்க்கைச் செலவை நாங்களே எப்படி அளப்பது?

ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். கைத்தொலைபேசியிலும் எழுதலாம், ஆனால் வீட்டில் எல்லோரும் எழுதக்கூடியது கொப்பிதான்.

முதல் மூன்று மாதங்கள் எதையும் கணிக்க வேண்டாம். வாங்கியதை வாங்கிய அன்றே எழுதுங்கள்: பொருள், அளவு, கொடுத்த காசு, எந்தக் கடை, கையில் காசா கொப்பிக் கடனா. அளவை எழுதுவது விலையை எழுதுவதைவிட முக்கியம், ஏனென்றால் பிஸ்கட் பக்கெட்டிலும் சவர்க்காரத்திலும் விலை மாறாமல் கிராம் குறைவது உண்டு. எழுத மறந்த நாளைக் கற்பனையால் நிரப்பாமல் வெறுமையாக விட்டுவிடுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் உங்கள் கூடை என்னவென்று தெரியும். கோதுமை மா இத்தனை கிலோ, அரிசி இத்தனை, பருப்பு, நெத்தலி, தேங்காய், எண்ணெய், சீனி, சவர்க்காரம், பஸ், பிரத்தியேக வகுப்பு, தொலைபேசி, மருந்து. அந்த அளவுகளைப் பூட்டிவையுங்கள். அதன்பின் ஒவ்வொரு மாதமும் அதே நாளில், அதே கடையில், அதே அளவுகளுக்கு விலை விசாரித்துக் கூட்டுங்கள், அந்த மாதம் அவற்றை வாங்கினாலும் வாங்காவிட்டாலும். எண்களை விளங்கிக்கொள்வதற்காக மட்டும் சொல்கிறேன்: முதல் கூட்டல் 42,000 ரூபா, ஓராண்டு கழித்து அதே கூடை 46,200 ரூபா என்றால், பின்னதை முன்னதால் வகுத்து நூறால் பெருக்க 110 வரும். உங்கள் வீட்டுப் பணவீக்கம் 10 வீதம். உண்மையில் செலவிட்டது 39,000 மட்டும் என்றால், எஞ்சிய 7,200 ரூபாவுக்கு எதை விட்டீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம்தான் கொப்பியின் மிகப் பெறுமதியான பக்கம்.

தீபாவளித் துணி, திருவிழாப் பங்கு, சாவு வீட்டுச் செலவு, சனவரியில் பாடசாலைச் சப்பாத்து ஆகியவற்றை வந்த மாதத்தின் தலையில் கட்டாமல் ஆண்டு மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்ப்பதே சரி. தீபாவளி முற்பணம் வருமானமல்ல. பின்வரும் மாதங்களின் சம்பளம் முன்கூட்டி வந்தது, அவ்வளவுதான். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் அனுப்பும் காசை எழுதும்போது அவனுடைய தங்குமிடம், சாப்பாடு, வந்துபோகும் செலவு ஆகியவற்றையும் எழுதுங்கள். ஒரு குடும்பம் இரண்டு அடுப்பு எரிக்கும் செலவு அது.

செலவை மட்டும் அளந்தால் போதுமா? எங்கள் வருமானம் ஒரே அளவாக வருவதில்லையே?

போதாது. அறிவிக்கப்பட்ட நாட்சம்பளத்தை இருபத்தைந்தால் பெருக்கி மாதச் சம்பளம் என்று சொல்வோருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்றால் என்னவென்று தெரியாது. 1,350 ரூபாவுக்கு 25 நாள் என்றால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் 31,050. பதினெட்டு நாள்தான் வேலை கிடைத்து, அதில் ஆறு நாள் குறித்த கிலோ கொழுந்து வராமல் அரைப்பேர் விழுந்தால் 20,250. கழிவு போக 18,630. சங்கச் சந்தாவும் முற்பணக் கழிவும் இன்னும் எடுக்கப்படவில்லை. மழைக்காலத்திலோ வரட்சியிலோ கொழுந்து குறைவது யாருடைய குற்றமுமில்லை, ஆனால் கடை விலை கொழுந்தைப் பார்த்து இறங்குவதில்லை.

இதனால் விலையை ரூபாவில் மட்டுமல்லாமல் பேரிலும், அதாவது ஒரு நாள் வேலையின் கணக்கிலும், எழுதும் முறையொன்றை நான் பரிந்துரைக்கிறேன்: ஒரு பொருளை வாங்க எத்தனை முழுப்பேர் போட வேண்டும்? எரிவாயு சிலிண்டர் 1,493 ரூபாவாகவும் நாட்சம்பளம் 1,000 ஆகவும் இருந்தபோது அது ஒன்றரைப் பேர். 3,690 ரூபாவாகவும் சம்பளம் 1,350 ஆகவும் ஆனபோது ஏறக்குறைய இரண்டே முக்கால் பேர். பணவீக்கமும் சம்பளமும் இந்த ஒற்றை எண்ணுக்குள் வந்துவிடுகின்றன. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கும் எவருக்கும் இது விளக்கமின்றிப் புரியும்.

இப்படிச் சேர்த்த கணக்கை எங்கே பயன்படுத்தலாம்?

ஒரு வீட்டுக் கணக்கு அந்த வீட்டுக்கே உதவும். எந்த மாதம் கடன் ஏறுகிறது, எந்தக் கடன் முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்று தெரியும். இருபது முப்பது வீடுகள் ஒரே கூடையை ஒரே நாளில் விலை பார்த்து எழுதினால் அது தோட்டத்தின் ஒரு பிரிவின் சாட்சியம். பெயர்களை நீக்கிவிட்டு, கூடையின் அளவுகளையும் விலைகளையும் கடைகளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய கடனை மற்றவர் அறிய வேண்டியதில்லை.

2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபா அடிப்படைச் சம்பளமும், அரசாங்கத்தின் 200 ரூபா வருகை ஊக்குவிப்பும் சேர்த்து 1,750 ரூபா முன்மொழியப்பட்டது. அதன் பெறுமதி ஓராண்டில் எவ்வளவு கரையும் என்பதைக் கொழும்புச் சுட்டெண் கொழும்புக்குச் சொல்லும். சம்பள நிர்ணய சபை அடுத்த முறை கூடும்போது, தேதியும் அளவும் கடையும் குறித்த ஓராண்டுக் கொப்பிகளைத் தொழிற்சங்கப் பிரதிநிதி மேசையில் வைக்க முடிந்தால், மறுதரப்பு அவற்றுக்கு எண்களாலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கான முதல் பக்கத்தை அடுத்த சம்பள நாளன்று எழுதத் தொடங்கலாம்.